முகவரி இல்லாத திரைகள்: தாராவி மாவுக் கடையின் ஆர்டர் தளத்தில் ரூட்டிங் அமைத்த அனுபவம்

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அண்ணாச்சியின் மாவுக் கடை இருக்கிறது. கடை என்று சொன்னாலும் அது பட்டறைதான். இட்லி மாவும் தோசை மாவும் தினமும் ஆடும். பண்டிகை வந்தால் முறுக்கு, தட்டை, அதிரசம். மாட்டுங்கா, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் ராத்திரி போனிலேயே ஆர்டர் போட்டுவிட்டால் விடிகாலையில் வண்டி கிளம்பும். அந்த ஆர்டர் தளத்தை எழுதியவன் நான்.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதிய ஒற்றைப் பக்கச் செயலி அது. சர்வரிலிருந்து ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு வரும். அதற்கப்புறம் பொருள் பட்டியல், பொருள் விவரம், கூடை, ஆர்டர் விவரம், பாக்கிக் கணக்கு எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் வரைகிற திரைகள். எந்தத் திரை தெரிய வேண்டும் என்பதை ஒரு மாறியில் வைத்திருந்தேன். எந்த முகவரிக்கு எந்தத் திரை என்று பார்த்துக்கொள்ளும் ரவுட்டர் கிடையாது; அந்த வேலைக்குத்தான் ரூட்டிங் என்று பெயர். ஐந்து திரைக்கு அது எதற்கு என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த முடிவு என்ன செய்தது, அதைச் சரி செய்யப் போனபோது என்னவெல்லாம் கிளம்பியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் மூன்று புகார்கள் வந்தன. கூடையில் போட்ட பொருள் காணாமல் போகிறது என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். ரெஃப்ரெஷ் ஆனால் முதல் திரைக்கே போய்விடுகிறது என்று கணக்கு பார்க்கும் அண்ணாச்சியின் மகள் சொன்னாள். மூன்றாவது அண்ணாச்சியே சொன்னது. வாட்ஸ்அப்பில் ஒரு ஆர்டரின் லிங்க்கை வண்டிக்காரத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார். திறந்தால் பொருள் பட்டியல்தான் வருகிறது. “லிங்க் அனுப்புனா ஆளு வாசல்லயே நிக்கான் தம்பி, உள்ள வரமாட்டேங்கான்” என்றார்.

மூன்றும் வெவ்வேறு கோளாறு என்று நினைத்து, கூடையில்தான் முதலில் தேடினேன். இரண்டு ராத்திரி தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, நேரில் பார்ப்போம் என்று மாட்டுங்காவில் ஒரு கடைக்குப் போய் கல்லாப் பக்கம் நின்றேன்.

கடைக்காரர் ஒரு கையால் தராசில் துவரம்பருப்பு போட்டுக்கொண்டே இன்னொரு கையில் போனை வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தட்டி உள்ளே வந்தார். ஒவ்வொன்றாகக் கூடையில் சேர்த்தார். பதினாலு ஐட்டம். பதினைந்தாவதாகக் கை முறுக்கின் விவரத்தைத் திறந்து, பாக்கெட்டுக்கு எத்தனை என்று பார்த்தார். திரும்பிப் பட்டியலுக்கு வர, போனின் ஓரத்திலிருந்து கட்டைவிரலை உள்ளே இழுத்தார். ஆண்ட்ராய்டில் பேக் என்றால் அதுதான். தளம் மறைந்து வாட்ஸ்அப் வந்து நின்றது. மறுபடி லிங்க்கைத் தட்டினார். கூடையில் பூஜ்யம். என்னைப் பார்த்து, “இதான் தம்பி. நேத்தும் இப்படித்தான், அப்புறம் போன் பண்ணிச் சொல்லிட்டேன்” என்றார்.

அவர் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. பிரவுசர் செய்ததிலும் இல்லை. பிரவுசர் தனக்குள் ஒரு வரலாற்றுப் பட்டியல் வைத்திருக்கிறது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போனோம் என்று அதில் வரிசையாக எழுதிக்கொள்ளும். பேக் என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி பின்னால் போவது. என் செயலி திரையை மாற்றியதே தவிர அந்தப் பட்டியலில் ஒரு வரியும் எழுதவில்லை. அவர் பதினைந்து இடம் போய் வந்தார். பிரவுசரைக் கேட்டால் அவர் ஒரே இடத்தில்தான் இருந்தார். ரெஃப்ரெஷ், லிங்க் இரண்டும் இதே கதைதான். திரைக்கு முகவரி இல்லாததால் அதற்குத் திரும்பவும் முடியாது, ஆள் அனுப்பவும் முடியாது.

கூடையை அன்றைக்கே லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது பிரவுசர் அந்தப் போனிலேயே தகவலை வைத்திருக்கும் இடத்தில், எழுதி வைக்க ஏற்பாடு செய்தேன். அது ஒட்டுப்போட்ட வேலை. கூடைக்கு அதுதான் சரியான இடம் என்பதும் உண்மை. எல்லாவற்றையும் முகவரியில் ஏற்றத் தேவையில்லை. பார்க்கிற பொருள், தேடிய சொல், வடிகட்டி போன்றவை முகவரியில் இருக்க வேண்டும். கூடை அந்த ஆளுடையது; அது அவர் போனில் இருக்கட்டும்.

ஹேஷா, பாதையா?

முகவரியை மாற்ற இரண்டு வழி. பழையது, ஹேஷ் குறிக்கு (#) பின்னால் எழுதுவது. ஹேஷுக்குப் பின்னால் இருக்கும் பகுதி சர்வருக்குப் போகவே போகாது. அது மாறினால் பக்கமும் மறுபடி ஏறாது. பிரவுசரின் வரலாற்றில் மட்டும் ஒரு வரி கூடும். பல வருஷம் எல்லோரும் இதை வைத்துத்தான் ஓட்டினார்கள். ஹேஷுக்குப் பின் ஆச்சரியக்குறி போட்டு எழுதும் முகவரிகளைத் தேடுபொறி படிப்பதற்கென்று கூகுள் 2009இல் ஒரு முறையை முன்வைத்து, 2015இல் அதைக் கைவிட்டது. புதிய வழி, ஹெச்டிஎம்எல்5 உடன் வந்த ஹிஸ்டரி ஏபிஐ, அதாவது பிரவுசரின் வரலாற்றை நிரலிலிருந்து கையாளும் வசதி. அதில் புஷ்ஸ்டேட் என்று கூப்பிட்டால் பக்கம் மறுபடி ஏறாமலே முழுப் பாதையும் மாறும், வரலாற்றிலும் ஒரு வரி சேரும். பேக் அழுத்தினால் பாப்ஸ்டேட் என்ற நிகழ்வு வரும். அதைக் கேட்டுத் திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புஷ்ஸ்டேட் கூப்பிட்டால் பாப்ஸ்டேட் வராது. செயலி புது இடத்துக்குப் போகும்போது திரையை நாமே மாற்ற வேண்டும்; பேக், ஃபார்வர்ட் அழுத்தும்போதுதான் பிரவுசர் தகவல் சொல்லும்.

நான் பாதையை எடுத்துக்கொண்டேன். காரணம் வாட்ஸ்அப். லிங்க் அனுப்பும்போது கீழே தெரிகிற முன்னோட்டம், சர்வர் தரும் ஹெச்டிஎம்எல்லைப் படித்துத்தான் வருகிறது. ஹேஷுக்குப் பின்னால் எழுதினால் எந்த ஆர்டர் என்பது சர்வருக்கே தெரியாது. பின்னாளில் முன்னோட்டம் போட நினைத்தாலும் வழி இருக்காது. ரியாக்ட் ரவுட்டர் நூலகத்தைச் சேர்த்து, பட்டியல், பொருள், கூடை, ஆர்டர், பாக்கி என்று ஒவ்வொன்றுக்கும் பாதை கொடுத்தேன். என் மடிக்கணினியில் எல்லாம் அழகாக ஓடியது.

சர்வரில் ஏற்றியதும் முதல் அடி விழுந்தது. ஆர்டர் 412இன் பக்கத்தில் நின்று ரெஃப்ரெஷ் செய்தால் 404, அதாவது அப்படி ஒன்று இல்லை என்ற பதில். சர்வருக்கு அப்படி ஒரு கோப்பே கிடையாதே. உள்ளேயிருந்து நகர்ந்து போனால் ஜாவாஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்கிறது. நேராக அந்த முகவரியைக் கேட்டால் கேள்வி சர்வருக்குப் போகிறது. மடிக்கணினியில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், வளர்ச்சிக்குப் பயன்படுத்தும் சர்வர், தெரியாத பாதை எதைக் கேட்டாலும் இன்டெக்ஸ் கோப்பை, அதாவது அந்த ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பை, தானாகவே கொடுத்துவிடும். எங்கள் சர்வரில் ஓடும் மென்பொருளான என்ஜின்எக்ஸில் ட்ரை ஃபைல்ஸ் என்ற ஒரு வரி போதும்: கேட்ட கோப்பு இருந்தால் கொடு, இல்லையென்றால் இன்டெக்ஸைக் கொடு. போட்டேன். ஓடியது.

அந்த ஒரு வரியிலேயே அடுத்த சிக்கலும் ஒளிந்திருந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது.

புதுப் பதிப்பு ஏற்றிய மறுநாள் சிலருக்கு மட்டும் வெள்ளைத் திரை. என் போனில் சரியாக இருந்தது. மகளின் கணினியில் பாக்கிக் கணக்கைத் தட்டினால் வெள்ளை. பிரவுசரின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து பார்த்தால் சிவப்பில் ஒரு வரியும் இல்லை, எல்லாமே 200, அதாவது சரியாக வந்தது என்ற பதில். பிழைகளைக் காட்டும் கன்சோலில் மட்டும், எதிர்பாராத இடத்தில் சிறியது குறி (<) வந்திருக்கிறது என்று ஒரு பிழை. அந்தக் குறி எங்கிருந்து வருகிறது என்று, வந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது ஹெச்டிஎம்எல்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு திரைக்கான நிரலும் தனிக் கோப்பாகப் பிரிந்து, தேவைப்படும்போது இறங்கும். கோப்பின் பெயரில் உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும் ஒரு குறியீடு இருக்கும். நான் புதுப் பதிப்பை ஏற்றும்போது பழைய கோப்புகளை அழித்துவிட்டேன். மகள் தளத்தைக் காலையிலேயே திறந்து வைத்திருந்தாள்; அவள் பக்கம் பழைய கோப்பின் பெயரைக் கேட்கிறது. கோப்பு இல்லை. உடனே என்ஜின்எக்ஸ் நான் சொன்ன மாதிரியே, இல்லாத கோப்புக்கு இன்டெக்ஸைக் கொடுத்து, 200 என்றும் சொல்லிவிட்டது. இல்லை என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் அரை மணியில் பிடித்திருப்பேன்.

நாலு மாற்றம் செய்தேன். ஜாவாஸ்கிரிப்ட், படம் இருக்கும் அடைவுக்கு அந்தத் திருப்பிவிடும் வரி பொருந்தாது. அங்கே கோப்பு இல்லையென்றால் 404தான். இன்டெக்ஸ் கோப்பை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளப் பிரவுசருக்குச் சொன்னேன். பெயரில் குறியீடு உள்ள கோப்புகளைப் பிரவுசர் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பழைய பதிப்பின் கோப்புகளைச் சர்வரில் அழிக்காமல் பத்து நாள் வைக்கிறேன். அப்படியும் ஒரு திரையின் நிரல் கோப்பு இறங்கவில்லை என்றால், போக நினைத்த முகவரிக்கே ஒருமுறை, ஒரே ஒருமுறை, முழுப் பக்கமாக ஏற்ற வேண்டும். ஒருமுறை என்று எண்ணி வைக்காவிட்டால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பாதைக்கும் சர்வர் 200 சொல்வதால், தப்பான முகவரிக்கு “இப்படி ஒரு பக்கம் இல்லை” என்று சொல்வது இனி செயலியின் வேலை. அதற்கு ஒரு திரை எழுதாவிட்டால் வெறும் தலைப்பட்டை மட்டும் தெரியும்.

லிங்க் என்றால் லிங்க்

பழைய நிரலில் தட்டும் இடங்கள் எல்லாம் வெறும் டிவ் என்ற பெட்டி, அதில் தட்டினால் ஓடும் ஆன்கிளிக் நிரல். ரூட்டிங் வந்த பிறகும் சில இடங்களில் அப்படியே விட்டிருந்தேன். ஒருநாள் மகள் கணக்கு பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மாசக் கடைசியில் பாக்கி வைத்த கடைகளை வரிசையாகத் தனித்தனி டேப்பில் திறந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மூடுவது அவள் வழக்கம். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கடையின் பெயரைத் தட்டினாள். அதே டேப்பில் திறந்தது. பேக் போனாள். மறுபடி தட்டினாள். “வங்கி சைட்ல எல்லாம் வருதேண்ணா, நம்மள்ல மட்டும் ஏன் வரமாட்டேங்குது?” என்றாள்.

போகிற இடம் உள்ள எதுவும் ஹெச்டிஎம்எல்லில் லிங்க்குக்கென்றே உள்ள ஆங்கர் டேகாக, போகும் முகவரியைச் சொல்லும் உண்மையான ஹெச்ரெஃப்புடன் இருக்க வேண்டும். சாதாரண இடது கிளிக்கை மட்டும் செயலி எடுத்துக்கொள்ளட்டும். கண்ட்ரோல், கமாண்ட், ஷிஃப்ட் அழுத்தியிருந்தாலோ, நடு பட்டனில் தட்டினாலோ, லிங்க் புதுச் சாளரத்தில் திறக்கச் சொல்லியிருந்தாலோ, அதைத் தொடாமல் பிரவுசரிடம் விட்டுவிட வேண்டும். நூலகத்தின் லிங்க் உறுப்பு இதைச் சரியாகவே செய்கிறது. நான் எல்லா இடத்திலும் அதைப் பயன்படுத்தாததுதான் குறை. எல்லா டிவ்வையும் தேடி மாற்றினேன்.

புஷ்ஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே ரீப்ளேஸ்ஸ்டேட் என்று ஒன்று இருக்கிறது. அது புது வரி சேர்க்காது, இருக்கிற வரியைத் திருத்தும். எதை எங்கே போடுவது என்று எந்தக் கையேடும் முடிவு செய்து தராது. முதலில் தேடல் பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் புஷ் செய்திருந்தேன். “அதிரசம்” என்று அடித்துவிட்டு வெளியே வர பேக்கைப் பல தடவை அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஓர் எழுத்து குறைந்தது. நான் கடைசியில் பிடித்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: ஆள் “அங்கே போனேன்” என்று நினைப்பாரா, “இங்கேயே மாற்றினேன்” என்று நினைப்பாரா? போனேன் என்றால் புஷ். மாற்றினேன் என்றால் ரீப்ளேஸ். பொருள் விவரம் புஷ். தேடல், வரிசை மாற்றுவது ரீப்ளேஸ். ஆர்டரை உறுதி செய்ததும் வரும் நன்றித் திரை ரீப்ளேஸ், ஏனென்றால் பேக் அழுத்தி மறுபடி உறுதி செய்யும் படிவத்துக்குப் போய், ஒரே ஆர்டரை இரண்டு முறை அனுப்பிவிடக் கூடாது. சர்வரிலும் அதைத் தடுத்திருக்கிறோம். இருந்தாலும் அந்தப் பதற்றத்தை ஏன் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும்.

திரையின் மேல் மூலையில் நான் வரைந்த அம்புக்குறியையும் மாற்ற வேண்டி வந்தது. அது பிரவுசரின் பேக்கையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பிலிருந்து நேராக ஆர்டர் 412க்கு வந்தவருக்குப் பின்னால் எங்கள் பக்கம் எதுவுமே இல்லை. அம்பைத் தட்டினால் ஒன்றும் நடக்காது, அல்லது வெளியே போய்விடும். போனின் பேக் வந்த வழியே போகட்டும். நாம் வரையும் அம்பு மேல் படிக்கு, அதாவது ஆர்டர் பட்டியலுக்குப் போக வேண்டும்.

பட்டியலில் பாதி தூரம் இறங்கி ஒரு பொருளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் மேலே போய் நிற்பதும் ஒரு புகார். பழைய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த பிரவுசர் முயலத்தான் செய்கிறது. ஆனால் அந்த நொடியில் பட்டியல் சர்வரிலிருந்து வந்திருக்காது, பக்கம் குட்டையாக இருக்கும். பட்டியலின் தரவை நினைவில் வைத்து, வரலாற்றின் ஒவ்வொரு வரிக்கும் உருள் நிலையைத் தனியாகக் குறித்துவைத்ததும் சரியானது.

சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில், லோக்கல் ரயிலில் நின்றுகொண்டு சோதித்தபோது இன்னொன்று சிக்கியது. ஒரு ஆர்டரைத் தட்டி, வரவில்லையே என்று அடுத்ததைத் தட்டினேன். இரண்டாவது முதலில் வந்தது. பிறகு தாமதமாக முதலாவது வந்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. முகவரி 415 என்கிறது, திரையில் 412. வண்டிக்காரத் தம்பி இதை நம்பிச் சரக்கை இறக்கினால் என்ன ஆகும்? திரையை விட்டு நகரும்போதே சர்வருக்குப் போன பழைய கோரிக்கையை அபார்ட் கண்ட்ரோலர் என்ற பிரவுசர் வசதி கொண்டு ரத்து செய்தேன்.

கண் தெரியாத ஒரு வாடிக்கையாளர் செம்பூரில் இருக்கிறார். போனில் திரையை வாய்விட்டுப் படிக்கும் டாக்பேக் வைத்துத்தான் எல்லாம் செய்கிறார். சாதாரணத் தளத்தில் புதுப் பக்கம் ஏறினால் டாக்பேக் தலைப்பைப் படிக்கும். எங்கள் தளத்தில் பக்கம் ஏறுவதே இல்லை. முகவரி மாறியும் அவர் காதில் எதுவும் விழவில்லை. “தட்டினேனா இல்லையான்னே தெரியல தம்பி” என்றார். ரூட்டிங் வேலையில் எனக்கு மிகவும் உறைத்த வார்த்தை அது. இப்போது ஒவ்வொரு நகர்விலும் பக்கத் தலைப்பை மாற்றி, திரையின் முதல் தலைப்புக்கு ஃபோகஸைக் கொண்டுபோகிறேன். டாக்பேக் “ஆர்டர் 412” என்று படிக்கிறது. எழுதியது பத்து வரிகூட இருக்காது. இது முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.

தமிழ் முகவரிகள்

பொருளின் பாதையில் தமிழ்ப் பெயரையே வைக்க ஆசைப்பட்டேன். முகவரிப் பட்டையில் “முறுக்கு” என்று தமிழில் தெரிந்தபோது மனசு நிறைந்தது. அந்த முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளாக (%) நீண்டது. கணக்கு இப்படி: முறுக்கு என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினி எழுத்துகளை எண்ணாக வைக்கும் யூனிகோடில் எட்டு குறிகள். அதை எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்தக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாகிறது. ஆக, 72 எழுத்து, ஒரு முறுக்குக்கு.

நீளத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொருளைக் கண்டுபிடிக்கும் நிரலில் பிரவுசர் தரும் பாதையை நேராக எடுத்துத் தமிழ்ப் பெயருடன் ஒப்பிட்டிருந்தேன். அது விழுக்காட்டுக் குறிகளாகத்தான் வரும். டீகோட் செய்தால்தான், அதாவது திரும்பத் தமிழாக்கினால்தான், பொருந்தும். செய்தேன். எல்லாப் பொருளும் திறந்தது, கொழுக்கட்டை மட்டும் சில லிங்க்குகளில் திறக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எண்ணிப் பார்த்தபோது ஒன்றில் ஒரு குறி கூடுதல். “கொ”வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பழைய எழுத்துருவில் இருந்த விலைப்பட்டியலை யூனிகோடுக்கு மாற்றியபோது அது இரண்டாக வந்திருக்கிறது. நான் விசைப்பலகையில் அடித்தது ஒன்றாக. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோட் வரையறுக்கிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் ஒப்பிடும்போது குறி குறியாகத்தான் பார்க்கும். ஒப்பிடுமுன் இரண்டையும் நார்மலைஸ் செய்ததும், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்ததும், பொருந்தியது. தமிழில் முகவரி வைக்க நினைப்பவர்கள் கொ, கோ, கௌ வரும் பெயர்களை முதலில் சோதித்துப் பாருங்கள்.

கடைசியில் பாதையில் எண் மட்டும் போதும் என்று முடிவெடுத்தேன். வருத்தம்தான். ஆனால் பெயர் மாறும், எழுத்துக்கூட்டு மாறும்; எண் மாறாது. தமிழ்ப் பெயர் பக்கத் தலைப்பிலும் வாட்ஸ்அப் முன்னோட்டத்திலும் வருகிறது. படிப்பவர் கண்ணில் படும் இடம் அதுதான்.

இப்போது அண்ணாச்சி அனுப்பும் லிங்க் நேராக அந்த ஆர்டரிலேயே திறக்கிறது. லாகின் செய்யாதவராக இருந்தால் லாகின் முடிந்ததும் கேட்ட பக்கத்துக்கே கொண்டுபோகிறோம்; அந்தத் திரும்பும் பாதை எங்கள் தளத்துக்குள் இருந்தால் மட்டும். மாட்டுங்கா கடைக்காரர் கட்டைவிரலை இழுத்தால் பட்டியல் வருகிறது, விட்ட இடத்திலேயே.

அதற்குள் அண்ணாச்சி புது மாவுப் பாக்கெட் உறையில் கியூஆர் குறி அச்சடித்துவிட்டார். அது பொருள் 3, இட்லி மாவு. உறை கட்டுக்கட்டாகக் குடோனில் இருக்கிறது. ஆகவே அந்த எண்ணை வேறு பொருளுக்குத் தர முடியாதபடி டேட்டாபேஸில் பூட்டியிருக்கிறேன். முதல் வாரத்தில் வெளியே போய்விட்ட தமிழ்ப்பெயர் முகவரிகளையும் கைவிடவில்லை. என்ஜின்எக்ஸில் ஒவ்வொன்றுக்கும் 301 திருப்பம், அதாவது நிரந்தரமாகப் புது முகவரிக்கு அனுப்புவது, ஒரு வரி எழுதியிருக்கிறேன். கொழுக்கட்டைக்கு மட்டும் இரண்டு வரி.